22 தீர்த்தங்களும் ஒரு பைக்காவலனும்

உச்சிப்புளியில் நாங்கள் வீடு கட்டிக் குடியேறி 14 ஆண்டுகள் ஆகின்றன. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. முற்றத்தில் இரண்டு தென்னை, பின்புறம் எங்களுக்குச் சொந்தமில்லாத பனங்காடு, காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் வீட்டுக்குள் மணல். இந்த விவரங்களை நான் சொல்லும்போது கேட்பவர்கள் தென்னையைப் பற்றியோ மணலைப் பற்றியோ ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. "அப்ப ராமேஸ்வரம் பக்கத்துலதானே?" என்று மட்டும் கேட்டு, பதில் வருவதற்குள் மனத்துக்குள் ஒரு பயணத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

முழு ஆண்டுத் தேர்வு முடியும் வாரத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு உயிர் வந்துவிடும். பத்தாண்டுகளாகப் பேசாத உறவினர் அழைத்து, முதலில் என் தாயாரின் முழங்கால் வலியை விசாரிப்பார். அடுத்து மழை பெய்ததா என்பார். மூன்றாவதாக "உங்களையெல்லாம் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்று நெகிழ்வார். நான்காவது வாக்கியத்தில் ராமேஸ்வரம் வந்துவிடும். என் மனைவி பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், இப்படி வந்து தங்கிப் போனவர்களைக் கோடு போட்டுக் குறித்து வைத்திருக்கிறாள். சென்ற பங்குனி வரை 71 கோடுகள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் 22 தீர்த்தங்களிலும் நீராடி, பாவங்களைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய உலர்ந்த துணிகள், மூக்குக் கண்ணாடிகள், கைக்கடிகாரங்கள், ஒருமுறை ஒரு பல்செட் ஆகியவை அடங்கிய பையை வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றவன் நான். இந்த 14 ஆண்டுகளில் ஒரு வாளித் தீர்த்தம் என் தலையில் விழுந்ததில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தவன் என்ற முறையில், இந்தக் கரையோரத்துக்கு வருகிறவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் வீட்டிலேயே, காகிதத்தில் நேர்ந்துவிடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்த என் பெரிய மாமா, பேரனைக் கொண்டு கணினியில் அடிக்கச் செய்த ஒரு பட்டியலோடு வந்து இறங்கினார். அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், ஆறு மணிக்குத் தீர்த்தம், எட்டு மணிக்குத் தனுஷ்கோடி, பத்து மணிக்குக் கலாம் நினைவிடம், பதினொரு மணிக்குப் பாம்பன் பாலம் திறப்பதைப் பார்த்தல், பிறகு தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, ஏர்வாடி, மாலையில் கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பு வாங்குதல், இரவு ரயில். "பாலம் திறப்பதைப் பார்த்தல்" என்பதற்கு எதிரில் 15 நிமிடம் என்று ஒதுக்கியிருந்தார். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி அந்தப் பாலத்துக்கு எவரும் தெரிவித்திருக்கவில்லை.

இங்கே ஊர்கள் ஒரே வரிசையில் கிடக்கவில்லை. ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் கிழக்கே தீவில் இருக்கின்றன. தேவிபட்டினம் ராமநாதபுரத்துக்கு வடக்கே பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. திருப்புல்லாணியும் கீழக்கரையும் ஏர்வாடியும் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கின்றன. உத்தரகோசமங்கை தென்மேற்கே உள்நாட்டில் இருக்கிறது. ராமநாதபுரத்தை நடுவில் வைத்துக் கையை விரித்தால் ஒவ்வொரு விரலும் ஒவ்வோர் ஊரைக் காட்டும். ஆகவே தீவுக்கு ஒரு நாள், ராமநாதபுரத்தைச் சுற்றி ஒரு நாள் என்று இரண்டாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். "கூகுள் மேப்புல எல்லாம் பக்கத்துலதாம்பா இருக்கு" என்றார். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான் இருக்கின்றன. கைப்பேசியின் அகலமே நான்கு விரற்கடைதானே.

தீர்த்தமாடலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் குழப்பம் நிகழும் இடம் அதுவே. முதலில் கோயிலுக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் மூழ்கி எழ வேண்டும். அதன் பிறகு நனைந்த உடையோடு கோயிலுக்குள் சென்று, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை 22 இடங்களில் நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவை கிணறுகள். ராமனுக்குப் பாலம் அமைத்துக் கொடுத்த நளன், நீலன் பெயர்களிலும் தீர்த்தங்கள் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளில் பாலம் கட்டிய பொறியாளர்களுக்குப் பெயர்ப்பலகையோடு சரி, இங்கே வழிபாடே நடக்கிறது. கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேல், கால் வைக்க அரையடி அகலமே உள்ள இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் நிற்கிறார். கயிற்றில் கட்டிய சிறிய வாளியை உள்ளே வீசுகிறார். வாளி நீரைத் தொட்ட ஓசை மேலே வருவதற்கும் கயிறு இழுபடுவதற்கும் இடையில் இடைவெளியே இருப்பதில்லை. எதிரில் வரிசையாகக் குனிந்து நிற்கும் ஐந்தாறு தலைகளின் மேல் ஒரே வீச்சில் நீரைப் பகிர்ந்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே அடுத்த வாளியை உள்ளே விடுகிறார். 14 ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அந்தச் சுவரில் ஒருவர் கால் இடறியதை நான் கண்டதில்லை. கீழே சமதரையில் நிற்பவர்கள்தாம் வழுக்கி விழுகிறார்கள்.

மாமாவோடு வந்த என் அத்தை குளிர்ந்த நீருக்கு அஞ்சுபவர். "தம்பி, எனக்கு லேசா தெளிச்சு விட்டா போதும்" என்று சுவர் மேல் நின்றவரிடம் வேண்டிக்கொண்டார். அவர் தலையாட்டினார், ஆட்டிய வேகத்திலேயே முழு வாளியும் அத்தையின் உச்சியில் இறங்கியது. அத்தை மூச்சை மீட்டுக்கொண்டு கண் திறப்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் அவரை அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு 20 கிணறுகளுக்கும் அவர் வாயே திறக்கவில்லை என்பதை மாமா இன்றுவரை அந்தத் தலத்தின் மகிமையாகச் சொல்லி வருகிறார்.

பாதி வழியில் எல்லாக் குடும்பங்களிலும் ஒரு வழக்கு எழும். இப்போது முடிந்தது 13ஆவதா 14ஆவதா என்பதே அந்த வழக்கு. கணவர் ஓர் எண் சொல்வார், மனைவி வேறோர் எண் சொல்வார், ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை "எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று சாட்சி சொல்லும். ஒவ்வொரு தீர்த்தத்தின் பெயரும் எண்ணும் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன. மூக்குக் கண்ணாடி என் பையில் இருப்பதால் அதைப் படிக்க ஆளில்லை. எனவே குழுவில் கண் தெளிவாகத் தெரிகிற ஒருவரைக் கணக்குப் பிள்ளையாக நியமித்துவிடுவது நல்லது.

உடை விஷயத்தில் என் அனுபவம் முழுக்கப் பிறருடைய அவதியிலிருந்து பெற்றது. பட்டு வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கடலில் நனைந்து, கிணறு கிணறாகக் கனத்து, 22ஆவது தீர்த்தத்தை எட்டும்போது என் தங்கை மகன் நடந்த நடை, சிமென்ட் மூட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தது போல் இருந்தது. நனைந்தாலும் உடலைக் காட்டாத, அடர்ந்த நிறமுள்ள பருத்தித் துணியே உகந்தது. ஈர உடையோடு மூலவர் சன்னிதிக்குச் செல்ல அனுமதியில்லை. ஆகையால் மாற்று உடை கட்டாயம் வேண்டும். இங்கேதான் பைக்காவலனின் பதவி உருவாகிறது. குழுவில் ஒருவர் நனையாமல் பையோடு நிற்க வேண்டும், எங்கே நிற்பார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லாததால் அதை வெளியே பாதுகாப்பிடத்தில் ஒப்படைத்திருப்பீர்கள். பிரிந்துபோனால் அழைக்க வழியில்லை. மூன்றாம் பிராகாரத்தில் மட்டும் 1212 தூண்கள் இருக்கின்றன. "தூணுக்குப் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போன என்னை மாமா குடும்பம் முக்கால் மணி நேரம் ஈரத்தோடு தேடியது. அன்றைக்கு நான் கேட்ட வசவுகளில் சில, சேதுபதி மன்னர்கள் காலத்துக்குப் பிறகு அந்தப் பிராகாரத்தில் ஒலித்திருக்காது.

கைப்பேசியை ஒப்படைத்ததற்குக் கொடுக்கும் வில்லையை நனையப் போகிறவரின் சட்டைப் பையில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்று நாள்களிலும், முன்னோருக்குக் கடன் தீர்க்க வேண்டியிருந்தால் ஒழிய, சுற்றிப் பார்க்கும் நோக்கத்தோடு வராதீர்கள். அன்று பை வைக்கக்கூட இடம் கிடைக்காது.

பாம்பன் பாலத்துக்கு வருவோம். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இரு கைகளையும் மேலே தூக்குவது போல் இரண்டாகப் பிரிந்து உயர்ந்து வந்தது. ஊழியர்கள் கையால் சுழற்றித்தான் அதைத் திறந்து வந்தார்கள். 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள், ராம நவமியன்று, அருகிலேயே கட்டிய புதிய பாலம் திறந்து வைக்கப்பட்டது. இதில் நடுப்பகுதி பிரிவதில்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பகுதி முழுவதும், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மின்தூக்கி போல அப்படியே மேலே செல்கிறது. இடைப்பட்ட இரண்டு ஆண்டு காலமும் ரயில் தீவுக்குள் செல்லவில்லை. கடலுக்கு இப்பாலேயே நின்றது. "எப்படியும் அங்கேயே இறங்கத்தானே வேணும், உங்க வீட்டுக்கு வந்துட்டே போறோம்" என்று சொல்லி வந்தவர்களால் என் மனைவியின் நோட்டில் கூடிய கோடுகள் 19.

கப்பலோ பெரிய படகோ வந்தால்தான் பாலம் திறக்கும். மாமா இதை ஏற்கவில்லை. சாலைப் பாலத்தின் ஓரத்தில் நின்று, கடலைப் பார்த்து, ஏதாவது ஒரு கப்பல் வரும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். 1988இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலத்தின் உச்சியில் காற்று அடிக்கும் விதத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவே முடியாது. அது வீசுவதில்லை, சாய்த்துத் தள்ளும். முதலில் அவருடைய துண்டு போயிற்று. அது கீழே விழாமல் பறவை போலச் சிறிது தூரம் பறந்து, பிறகே கடலில் இறங்கியது. துண்டைப் பிடிக்கக் கையை உயர்த்திய நொடியில் வேட்டி தன் விடுதலையை அறிவித்தது. அத்தை தம் முந்தானையால் அவரைச் சுற்றிக் காப்பாற்றினார். அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் ஒன்று தீவை நோக்கி ஊர்ந்து சென்றது. சன்னல்களிலிருந்து பயணிகள் கைப்பேசிகளை நீட்டி எங்கள் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தையா எடுத்தார்கள், மாமாவையா எடுத்தார்கள் என்பது விளங்கவில்லை.

அன்று நான் கண்டுகொண்டது இதுதான்: ரயிலில் போனால் கடலைப் பார்க்கலாம், பாலத்தைப் பார்க்க முடியாது, சாலையில் போனால் பாலத்தைப் பார்க்கலாம். எனவே போகும்போது ரயிலிலும் திரும்பும்போது பேருந்திலுமாகப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் வாகனத்தை நிறுத்துவது போக்குவரத்துக்கு இடைஞ்சல், காவலர்கள் விரட்டுவதும் நியாயமே. வேட்டி கட்டியவர்கள் இடுப்பில் பெல்ட் அணிந்து வருவது எல்லோருக்கும் நல்லது.

தனுஷ்கோடியில் மட்டும் எங்கள் விருந்தினர்களின் சத்தம் தானாகவே அடங்கிவிடுகிறது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் அந்த ஊரையும், ஊருக்குள் வந்துகொண்டிருந்த பாம்பன் – தனுஷ்கோடி பயணிகள் ரயிலையும் பயணிகளோடு கொண்டுபோனது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயிலிலிருந்து இறங்கி, இங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குச் செல்வார்கள். சுவர் மட்டும் நிற்கும் தேவாலயத்தின் முன்னால் நின்று, சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கிய என் தங்கை மகன், நான் ரயிலைப் பற்றிச் சொன்னதும் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பதினாறு வயதுப் பிள்ளையிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் கடல் மணலில் முழங்கை ஆழத்துக்கு ஓர் ஊற்று தோண்டி, வயதான அம்மாள் ஒருவர் கொட்டாங்கச்சியால் நீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு மொண்டு, சற்றுக் காத்திருப்பு, மணலிலிருந்து நீர் கசிந்து ஊறும் வரை. பிறகு இன்னொரு மொண்டு. இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல். "குடிச்சுப் பாருங்க" என்று அவர் நீட்டியதை மாமா சந்தேகத்தோடு நாக்கில் வைத்தார். உப்புக் கரிக்கவில்லை. மழையாகப் பெய்த நீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்பு நீரின் மேல் ஓர் ஏடு போலத் தங்கிக்கொள்கிறது. மேலாகத் தோண்டினால் இனிக்கும், ஆசைப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பாகிவிடும். காரில் பன்னிரண்டு புட்டிகள் தண்ணீர் வைத்திருந்தும், மாமா இரண்டாவது முறையும் கை நீட்டி வாங்கிக் குடித்தார். அவருடைய பட்டியலில் இல்லாத ஒரே நிகழ்ச்சி அது. இன்றும் தொலைபேசியில் அதைத்தான் பேசுகிறார்.

தீவின் கோடியில் உள்ள அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது. அங்கே வடக்கே கிடக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தெற்கே புரளும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். கோடையில் வருகிறவர்களுக்கு அந்தப் பெயர்ப் பொருத்தம் உடனே விளங்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கடல் எகிறிக்கொண்டிருக்க, வடகடல் தட்டில் ஊற்றிய நீர் போல இருக்கும். வாடைக் காற்று காலத்தில் வந்தால் பெண் கடலும் தன் குரலைக் கேட்கச் செய்யும். எந்தக் காலமானாலும் முனையில் இறங்கிக் குளிக்காதீர்கள். அங்கே இரண்டு நீரோட்டங்கள் சந்திக்கின்றன. நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அது தெரிந்த தண்ணீர் இல்லை. இன்னொன்று செருப்பு. அதைக் காரில் கழற்றிவிட்டு ஓடிய பிள்ளைகள், நண்பகல் தார்ச்சாலையில் திரும்பி வரும்போது ஆடிய ஆட்டத்துக்குப் பரதத்தில் பெயரில்லை. காலையில் சீக்கிரம் சென்று வெயில் ஏறுமுன் திரும்புங்கள். மாலையில் இருட்டும் வரை இருக்கவும் விடமாட்டார்கள். மாமாவின் கைப்பேசிக்கு அங்கே இலங்கைக்கு நல்வரவு கூறி ஒரு குறுஞ்செய்தி வந்தது. கடவுச்சீட்டு இல்லாமலே வெளிநாடு வந்துவிட்டதாக அவர் ஊருக்கு அழைத்துச் சொன்னார். அந்தப் பெருமையில், வெளிநாட்டு அலைவரிசைக்குக் கைப்பேசி தாவிவிட்டதா என்று பார்க்க மறந்தார். நீங்கள் பாம்பனைத் தாண்டும்போதே ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

மறுநாள் ராமநாதபுரத்தைச் சுற்றிய கோயில்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வருவதில் சிக்கல் ஒன்றுமில்லை, பாசி பிடித்த படிகளில் நிதானம் வேண்டும், அவ்வளவுதான். உத்தரகோசமங்கையில் மாமா ஒரு வேண்டுகோள் வைத்தார். அங்குள்ள மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒருமுறை மட்டும் சந்தனம் களையப்படும். நாங்கள் போனது மே மாதம். "தூரத்துல இருந்து வந்திருக்கோம், கொஞ்சமா ஒரு ஓரத்துல மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லேன்" என்றார் மாமா. 'மண் முந்தியோ, மங்கை முந்தியோ' என்று பழமைக்குப் பெயர் போன ஊர் அது. அந்தப் பழமைக்கும் மாமாவின் அவசரத்துக்கும் நடுவில் நான் நின்று வியர்த்தேன்.

திருப்புல்லாணியில் நடந்ததை மாமா இருக்கும் இடத்தில் யாரும் பேசுவதில்லை. ஆதி ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் பால் பாயசம் விசேடமான பிரசாதம். களைத்து வந்த மாமா ஒரு தொன்னை வாங்கிக் குடித்தார். சுவை பிடித்துப்போய் இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "என்ன விசேஷம் இந்தப் பாயசத்துக்கு?" என்று அருகிலிருந்த அம்மாளிடம் கேட்டார். "குழந்தை வரம் வேண்டிச் சாப்பிடுறதுங்க. தசரதர் இங்கதான் வேண்டிக்கிட்டாராம்" என்றார் அந்த அம்மாள். மாமாவுக்கு அப்போது 67 வயது. அத்தை கையிலிருந்த தொன்னையை மெதுவாகக் கீழே வைத்தார். எந்தப் பிரசாதமானாலும் வாயில் வைக்குமுன் பலனை விசாரித்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி ஓர் உண்மையைச் சொன்னால் பலர் வருத்தப்படுவார்கள். பள்ளி விடுமுறையும் மீன்பிடித் தடைக்காலமும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆண்டு முழுவதும் மீனை நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, சரியாக மே மாதத்தில் இறங்கி, "கடற்கரை ஊருல மீன் இந்த விலையா?" என்று என்னைக் கேட்பார்கள், ஏதோ விலையை நான் ஏற்றிவிட்டது போல. அந்த மாதங்களில் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வரும் மீன்தான் கிடைக்கும். காலை ஏழு மணிக்குள் கரைக்குச் சென்று, கிடைத்ததை வாங்கிக் குழம்பு வைக்க வேண்டும். சீலாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கக் கூடாது. அப்படி நின்ற மாமா, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் இரண்டு நாளும் கோழி சாப்பிட்டார்.

வாங்கிப் போகும் பொருள்களில் கருவாட்டுக்குத் தனிக் கவனம் தேவை. எங்கள் சின்ன மாமா நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ வாங்கி, செய்தித்தாளில் மட்டும் சுற்றி, மாமியின் பட்டுப் புடவை இருந்த பெட்டியிலேயே வைத்துக்கொண்டு இரவு ரயிலேறினார். மானாமதுரை வருவதற்குள் அந்த ரயில் பெட்டியில் இருந்தவர்கள் ஒருவர் ஒருவராக எழுந்து வாசல் பக்கம் நிற்கத் தொடங்கினார்களாம். மதுரையில் ஒரு பெரியவர், "நாங்க சைவம், நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டு வேறு பெட்டிக்கு மாறினாராம். புடவை ஆறு மாதம் வரை எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. செய்தித்தாள், அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேல் இறுக மூடும் எவர்சில்வர் தூக்கு, இந்த மூன்றும் இருந்தால் மட்டும் கருவாடு வாங்குங்கள். இல்லையென்றால் கருப்பட்டியோடும் கீழக்கரைத் தொதலோடும் நிறுத்திக்கொள்வது உத்தமம். தேங்காய்ப் பாலையும் அரிசி மாவையும் கருப்பட்டியையும் போட்டு நெய் பிரியும் வரை கிண்டியெடுக்கும் தொதலால் சக பயணிகள் உங்களோடு நெருங்கித்தான் வருவார்கள்.

சங்கு வாங்குகிறவர்கள் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓம்னு கேக்குது, அசல் வலம்புரிதான்" என்று முடிவு செய்கிறார்கள். சுற்றியுள்ள சத்தம் எந்தச் சங்கின் வயிற்றுக்குள் புகுந்தாலும் அப்படித்தான் முழங்கும். எவர்சில்வர் சொம்பைக் காதில் வைத்தாலும் ஏறக்குறைய அதே ஓம் கேட்கும். அசல் வலம்புரி மிக மிக அரிது, வீதியோரத்துக் கூடையில் குவிந்து கிடக்காது. சாதாரணச் சங்கை அதன் அழகுக்காக வாங்குங்கள். ஆனால் பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவை காக்கப்பட்டவை, வைத்திருப்பதே குற்றம். மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளோடு கிடக்கும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவே அந்தப் பவளப்பாறைகளை நம்பித்தான் இருக்கிறது. என் தங்கை மகள் கரையில் பொறுக்கிய வெள்ளைக் கல்லைத் திரும்ப வைக்கச் சொன்னபோது என்னை அரசாங்கத்தின் ஆள் என்று நினைத்து அழுதாள்.

இத்தனையும் தெரிந்த நான் தீர்த்தமாடவில்லை என்பது என் மனைவிக்குச் சென்ற புரட்டாசியில்தான் உறைத்தது. விருந்தினர் யாரும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் இருவர் மட்டும் காலை ரயிலில் ராமேஸ்வரம் போனோம். கோயிலுக்குள் நுழையும்போதுதான் பையை யார் வைத்திருப்பது என்ற கேள்வி எழுந்தது. முதலில் அவள் ஆடி வரட்டும், பிறகு நான் என்று முடிவு செய்தோம். வழக்கமான இடத்தில், இம்முறை எந்தத் தூண் என்று சரியாக எண்ணிச் சொல்லிவிட்டு, நான் பையோடு நின்றேன்.

ஐந்து நிமிடம் சென்றிருக்கும். சேலத்திலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு குடும்பம், எட்டுப் பேர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்கள். நான் நின்ற நிற்பிலேயே தொழில் தெரிந்துவிட்டது போலும். "அண்ணே, நீங்க இங்கதானே நிப்பீங்க? இதையும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று மூன்று பைகளை என் காலடியில் வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பாட்டி மட்டும் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார்.

என் மனைவி 22ஐயும் முடித்து, தலை சொட்டச் சொட்ட வந்து, நான்கு பைகளுக்கு நடுவே நின்ற என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய பையை மட்டும் எடுத்துக்கொண்டு உடை மாற்றப் போனாள். சேலத்துக்காரர்களுக்கு 15ஆவதா 16ஆவதா என்ற வழக்கு வந்து, நடுவில் ஒருமுறை பின்னோக்கிப் போய், எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது நண்பகல் நடை சாத்தும் நேரமாகிவிட்டது. பாட்டி கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க இன்னும் குளிக்கலையா தம்பி?" என்றார்.

இல்லையென்றேன். உச்சிப்புளியில் வீடு என்றும் சொல்லித் தொலைத்தேன். அவருடைய மகன் கைக்குட்டையால் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்ப ராமேஸ்வரம் பக்கத்துலதானே?" என்று கேட்டார்.

நோட்டில் இப்போது 72 கோடுகள். சேலத்துக்காரர்கள் தை அமாவாசைக்கு வருகிறார்கள்.